ஆறு நாள் ஓட்டமும் பிந்தி வந்த தீர்ப்பும்

2025 ஓகஸ்ட் மாத இறுதியில் இத்தாலியின் பெர்கமோ நகரைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளில் ஒரு மோட்டார் சைக்கிள் போட்டி 99வது தடவையாக நடந்து முடிந்தது. ‘சர்வதேச ஆறு நாள் என்டியூரோ’ என்பது அதன் பெயர். அடுத்து வருவது நூறாவது போட்டி. கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பேசப்படும் அளவுக்கு எமது வீடுகளில் இது பேசப்படுவதில்லை. ஆனாலும் நாம் வாழ வந்த இந்த அவுஸ்திரேலியாவின் தேசிய அணி, இப்போட்டியின் உலகக் கிண்ணத்தை முதன்முதலில் எப்படிப் பெற்றது என்ற கதை புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று. அந்தக் கிண்ணம் அவர்களுக்கு வெற்றி மேடையில் கிடைக்கவில்லை. மாதங்கள் கழித்து, ஒரு தீர்ப்பின் மூலம் கிடைத்தது.

பிராந்திய நகரங்களில் வேலைக்குப் போன எம்மவர்களுக்கு இந்த விளையாட்டின் வாசனையாவது தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் தனது வாகனத்தின் பின்தட்டில் சேறு படிந்த மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கட்டுவார். ஞாயிறு மாலை அதைவிடக் கூடுதலான சேற்றுடன் திரும்பி வருவார். இதே போட்டி இந்த நாட்டிலும் இரு தடவைகள் நடந்திருக்கிறது. 1992 இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் செஸ்நொக்கிலும், 1998 இல் விக்டோரியா மாநிலத்தின் ட்ரரல்கனிலும் நடந்தது.

முதலில் போட்டியின் விதிகளைப் பார்ப்போம். விதிகள் விளங்காவிட்டால் தீர்ப்பும் விளங்காது.

இது 1913 இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களின் போதும், 2020 இல் கொரோனாத் தொற்றின் போதும் நின்று போய் மீண்டும் தொடர்ந்தது. காடு, மலை, ஆற்றுப்படுகை, கற்பாதை என்று ஆறு நாள்களில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். யார் முதலில் போய்ச் சேருகிறார் என்று பார்க்கும் ஓட்டப் போட்டி அல்ல இது. ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் குறித்த நிமிடம் உண்டு. அந்த நிமிடத்தில் அங்கே அவர் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் அறுபது விநாடி தண்டம். இடையிடையே வேகத்தைச் சோதிக்கும் தனிப் பாதைகள் உண்டு. அங்கே எடுத்த நேரம் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கப்படும். இவை எல்லாவற்றையும் கூட்டி வருவதே ஓட்டுநரின் கணக்கு.

வண்டியை ஓட்டுபவரே அதைத் திருத்தவும் வேண்டும். ரயர் மாற்றுவதும் சங்கிலி இறுக்குவதும் அவர் கையால்தான் நடக்க வேண்டும். இரவில் வண்டிகள் எல்லாம் மூடிய வளவு ஒன்றினுள் பூட்டப்பட்டுவிடும். அங்கே எவரும் கை வைக்க முடியாது. காலையில் சில நிமிடங்களும் மாலையில் சில நிமிடங்களும் மட்டுமே திருத்த வேலைக்கு உரியவை. வண்டியின் முக்கிய பாகங்களில் முதல் நாளே அடையாளம் இடப்படும். களவாக மாற்றினால் பிடிபடுவார்.

இன்னொரு விதி உண்டு. இந்தக் கட்டுரைக்கு வேண்டியதும் அதுவே. குறித்த பாதையில்தான் வந்தார் என்பதற்கு அத்தாட்சியாக, வழியிலுள்ள ஒவ்வொரு சோதனை நிலையத்தையும் ஓட்டுநர் கடந்திருக்க வேண்டும். சோதனை நிலையம் என்றதும் எமக்கு நினைவில் வருவது வேறு. மண்மூட்டையும் துவக்கும் அடையாள அட்டையுமாக நின்ற சாவடிகளைக் கடந்து வந்தவர்கள் நாம். அவை எம்மை மறிக்க நின்றவை. இங்கே நிற்பவை ஓட்டுநர் வந்து போனார் என்று எழுதி வைக்க நிற்பவை. ஒன்றைத் தவறவிட்டால், எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும், அவர் அந்தப் பாதையை ஓடி முடித்ததாகக் கொள்ள முடியாது.

இவ்வளவும் தனி ஒருவரின் கணக்கு. தேசிய அணியின் கணக்கு இதன் மேல் எழுகிறது. உலகக் கிண்ணத்துக்கு 2015 வரை ஒரு நாடு ஆறு பேரை அனுப்பியது. 2016 முதல் நான்கு பேர். இளையோருக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கிண்ணங்கள் உண்டு. கழக அணிகளும் வருகின்றன. அவற்றில் ஓடும் பலர் தச்சர்கள், விவசாயிகள், மோட்டார் திருத்துநர்கள். சொந்தச் சேமிப்பிலும் ஊராரிடம் சேர்த்த பணத்திலும் விமானம் ஏறுபவர்கள். அணியில் ஒருவர் கையை முறித்துக்கொண்டால் மற்றவர்களின் ஐந்து நாள் உழைப்பும் ஆட்டம் காணும். ஒருவர் பெயரில் விழும் பற்று எல்லோர் பெயரிலும் விழுகிறது. கூட்டுப் பங்காண்மை நடத்தியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புகழுக்கு இங்கே சலுகை இல்லை. 1964 இல் கிழக்கு ஜேர்மனியின் எர்பர்ட் நகரில் போட்டி நடந்தபோது, அமெரிக்க அணியில் ஹொலிவூட் நடிகர் ஸ்டீவ் மக்குவீனும் ஓடினார். விழுந்தார். போட்டியை முடிக்கவில்லை. ஏட்டில் அவர் பெயருக்கு நேரே, முடிக்காத மற்றவர்களுக்கு எழுதப்பட்டதே எழுதப்பட்டது.

இனி 2015 க்கு வருவோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் ஸ்லோவாக்கியாவின் கொசித்சே நகரில் போட்டி நடந்தது. அவுஸ்திரேலியா அதுவரை உலகக் கிண்ணத்தை ஒருபோதும் வென்றதில்லை. பிரான்ஸ் அதற்கு முந்திய ஆண்டுகளில் தொடர்ந்து பல தடவை வென்ற பலமான அணி. போட்டியின் நடுவில் முன்னணி அணிகளைச் சேர்ந்த சில ஓட்டுநர்கள் ஒரு சோதனை நிலையத்தைத் தவறவிட்டனர். பிரெஞ்சு அணியினரும் அவர்களுள் இருந்தனர். விதிப்படி அவர்கள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். முறையீடு செய்தனர். மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஓட்டம் தொடர்ந்தது. ஆறாம் நாள் மாலை மேடையின் உச்சியில் நின்றது அவுஸ்திரேலியா அல்ல.

மேடையில் கொடி ஏறிய பிறகு என்ன செய்ய முடியும்? பெரும்பாலானோர் கையைக் குலுக்கி, மனதுக்குள் வெந்து, விமானம் ஏறியிருப்பார்கள். அவுஸ்திரேலியத் தரப்பு அப்படி விட்டுவிடவில்லை. எழுத்தில் ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் விசாரணைக்குப் போனது. மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தவறவிட்ட நிலையம் தவறவிட்டதுதான், சேர்த்துக்கொண்டது செல்லாது. 2015 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணம் அவுஸ்திரேலியாவுக்கு உரியது என்று ஏடு திருத்தப்பட்டது. இன்று வெற்றியாளர் பட்டியலைப் புரட்டினால் 2015 க்கு நேரே அவுஸ்திரேலியா என்றுதான் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல. பிரெஞ்சு ஓட்டுநர்கள் மெதுவானவர்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ‘அவர்கள்தானே வேகமானவர்கள், ஒரு நிலையத்தால் என்ன குறைந்துவிடும்’ என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் ஒரு தரப்பின் திறமைக்காக விதியை ஒருமுறை தளர்த்தினால், சேற்றில் நின்று வண்டியைத் தள்ளி அந்த நிலையத்தைக் கடந்த ஒவ்வொருவருக்கும் அது அநீதி. பலசாலிக்குத் தளர்ந்து கொடுக்கும் விதியின் கீழ் வாழ்ந்தவர்கள் நாம். இதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, தீர்ப்பு தானாக வரவில்லை. எந்த நிலையம், எந்த ஓட்டுநர், எந்த விதி என்று பெயரும் எண்ணும் இட்டு, ஆட்சேபம் எழுத்தில் இருந்தது. நிலையத்தில் நின்றவர் எழுதிய பதிவும் இருந்தது. அவை இல்லாவிட்டால் ஸ்லோவாக்கியாவில் நடந்தது இன்று சிலரின் வாய்க்கதையாக மட்டுமே இருந்திருக்கும்.

மூன்றாவது, தீர்ப்பால் திருப்பித் தர முடியாதவை உண்டு. அந்த மாலை, அந்த மேடை, பார்த்திருக்க வந்த தாய் தந்தையரின் முகம் எதுவும் திரும்பி வரவில்லை. 2018 இல் சிலி நாட்டின் வினா டெல் மாரில், டானியல் மில்னர், டானியல் சாண்டர்ஸ், ஜொஷ் ஸ்ட்ராங், லிண்டன் ஸ்னொட்கிராஸ் ஆகிய நால்வரும் களத்திலேயே கிண்ணத்தை வென்றனர். அவர்களுள் சாண்டர்ஸ், 2025 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டாக்கார் ஓட்டத்திலும் மோட்டார் சைக்கிள் பிரிவில் முதலாவதாக வந்தார். வினா டெல் மாரில் அவர்கள் தூக்கிய கிண்ணத்துக்கும் 2015 இன் திருத்தத்துக்கும் ஏட்டில் வேறுபாடு இல்லை. வாழ்க்கையில் உண்டு.

கணக்கியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. முன்னைய ஆண்டுச் சீராக்கம் என்போம். மூடிய ஆண்டின் கணக்கில் பிழை இருந்தது பின்னர் தெரியவந்தால், அதைத் திருத்தி எழுதுவோம். அந்த ஆண்டில் கிடைக்காமல் போன கடனும், விற்க நேர்ந்த கடையும் திரும்பி வராது. ஆனாலும் திருத்துவோம். திருத்தாத பிழை அடுத்த ஆண்டின் தொடக்க மீதியாக வந்து உட்காரும். அதற்கடுத்த ஆண்டிலும் வந்து உட்காரும்.

இந்தப் போட்டியின் ஏட்டில் அதைவிடப் பழைய திருத்தம் ஒன்றும் இருக்கிறது. 1939 ஓகஸ்டில் போட்டி சால்ஸ்பேர்க்கில் நடந்தது. ஒஸ்திரியா அதற்கு முந்திய ஆண்டுதான் ஹிட்லரின் ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டிருந்தது. பிரித்தானிய இராணுவ வீரர்களும் ஓட வந்திருந்தனர். போர் வெடிக்கப் போகிறது என்ற நிலையில் அவர்கள் போட்டி முடியும் முன்னரே எல்லையை நோக்கிப் புறப்பட்டுவிட்டனர். ஜேர்மனி வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஒரு கிழமைக்குள் போலந்தின் மீது படையெடுப்பு நடந்தது. பின்னாளில் அந்த ஆண்டின் முடிவுகள் செல்லாதவை என்று நீக்கப்பட்டன. அறிவித்தபோது மைதானத்தில் கை தட்டியவர்கள் அதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே ஏட்டில் எம்மைப் போன்றவர்களின் கண் நிலைக்கும் இன்னோர் இடமும் உண்டு. அதிக தடவை உலகக் கிண்ணத்தை வென்ற நாடுகளின் வரிசையில் செக்கோஸ்லோவாக்கியா முன்னணியில் நிற்கிறது. அறுபதுகளில் கிழக்கு ஜேர்மனி தனது சொந்த எம்.சட் வண்டிகளில் 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து தடவை வென்றது. இந்த இரு நாடுகளும் இன்று இல்லை. கொடி இல்லை, கடவுச்சீட்டு இல்லை, எல்லை இல்லை. ஆனால் அவர்கள் வென்றதை எவரும் அழிக்கவில்லை. அரசுகள் மறைந்த பின்னும் பதிவு நிற்கிறது.

மறுபுறம், அரசு இல்லாதவர்களுக்கு இந்த ஏட்டில் பக்கம் திறப்பதே கடினம். அணியை அனுப்புவது நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட சம்மேளனம். தொடக்க காலத்தில் கட்டுப்பாடு இதைவிட இறுக்கமாக இருந்தது. முதன்மைக் கிண்ணத்துக்கு ஓடும் அணி, தன் நாட்டில் செய்த வண்டியிலேயே ஓட வேண்டும். தொழிற்சாலை இல்லாத நாட்டுக்கு அந்தக் கிண்ணத்தில் இடமில்லை. மற்றவர்களுக்கென்று 1924 முதல் வெள்ளிச் சாடி என்று இரண்டாம் பரிசு ஒன்று வைக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு பின்னாளில் நீக்கப்பட்டது. அதனால்தான் சொந்தமாக மோட்டார் சைக்கிள் தொழில் இல்லாத அவுஸ்திரேலியா, ஒஸ்திரிய வண்டியிலும் ஜப்பானிய வண்டியிலும் ஓடிக் கிண்ணத்தைக் கேட்க முடிந்தது. விதிகள் மாறக்கூடியவை. மாறும் வரை காத்திருந்தவர்கள், இரண்டாம் பரிசுக்காவது ஓடிக்கொண்டு, தம் பெயரை ஏட்டில் வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் எமது சொந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பரீட்சை மீதி பொருந்தாவிட்டால், வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போடு என்று வணிகமாணி வகுப்பில் எமக்குச் சொல்லித் தந்தார்கள். பிழை கண்டுபிடிக்கப்படும் வரை அது அங்கே தொங்கும். அவுஸ்திரேலியாவில் எம்மவரில் பலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் தொங்கினார்கள். 2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் இன்னும் தொங்குகிறார்கள். எமது கோப்புகளில் பிழையாக எழுதப்பட்ட ஒரு திகதி, மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்ட ஒரு வசனம், அந்த நேரத்தில் பயத்தில் சொல்லாமல் விட்ட ஒரு பெயர் என்பன எத்தனை குடும்பங்களை எத்தனை ஆண்டுகள் மறித்தன என்பது எமக்குத் தெரியும். ஒரு நிலையம் தவறினால் முழு ஓட்டமும் கேள்விக்குள்ளாகும் என்ற விதியை நாம் மோட்டார் சைக்கிளில் ஏறாமலே படித்தோம்.

ஊரில் நடந்தவற்றுக்கும் இது பொருந்தும். 2021 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 46/1 தீர்மானத்தை நிறைவேற்றியது. இலங்கையில் நடந்த மீறல்கள் தொடர்பான சான்றுகளைத் திரட்டவும், ஆராயவும், எதிர்கால வழக்குகளுக்காகப் பாதுகாக்கவும் மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்துக்கு அது பொறுப்புக் கொடுத்தது. தீர்ப்பு எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வரும் நாளில் அந்த மேசைக்கு எதைக் கொண்டுபோவோம் என்பது மட்டும் எம் கையில் இருக்கிறது.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. கொசித்சேயில் இழக்கப்பட்டது ஒரு மாலைப் பொழுது. எமது தாய்மார் இழந்தது பிள்ளைகளை. அவுஸ்திரேலியாவுக்கு ஆட்சேபிக்க ஒரு சம்மேளனமும் கேட்க ஒரு விசாரணை மன்றமும் இருந்தன. எமது முறைப்பாட்டை மற்ற நாடுகளின் கைகளால்தான் பேரவையின் மேசைக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே ‘பொறுமையாக இருங்கள், நீதி பிந்தியாவது வரும்’ என்று ஆறுதல் சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. பிந்தி வரும் நீதிகூட, எழுதி வைத்தவர்களைத் தேடித்தான் வருகிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

எமது வீடுகளில் நடந்தவை பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே இருக்கின்றன. அம்மா சொல்வார், மாமா திருத்துவார், பிள்ளைகள் பாதி கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தச் சந்தி, கூட நின்றவர் யார் என்று கேட்டால் இருவர் இரு விதமாகச் சொல்வார்கள். அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு மரணவீட்டுக்குப் போய் வரும்போது, ஒரு கட்டுப் பற்றுச்சீட்டுகளை எரித்துவிட்டு வருவது போல எமக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனை நிலையத்தில் நின்று எழுதுபவர் தனக்குப் பிடித்த நாட்டின் ஓட்டுநரை மட்டும் எழுதினால் அவரது தாளுக்கு மதிப்பில்லை. எமது ஏட்டுக்கும் அதே விதிதான். எமக்குச் செய்யப்பட்டதை மட்டும் எழுதி, எம் பக்கத்தில் நடந்தவற்றை, எம் வீட்டிலிருந்து கட்டாயமாகக் கூட்டிச் செல்லப்பட்ட பிள்ளையின் பெயரை, எழுதாமல் விட்டால், மற்றப் பக்கங்களையும் எவரும் நம்ப மாட்டார்கள். ஒரு பற்றை மறைத்த ஐந்தொகையில் கணக்காய்வாளர் கையெழுத்து வைப்பதில்லை. இது கசப்பான வேலை. ஆனாலும் செய்ய வேண்டிய வேலை.

செய்வது கடினமல்ல. ஒரு கொப்பி போதும். வீட்டில் மூத்தவரை ஒரு ஞாயிறு பிற்பகலில் உட்கார வைத்து, ஒரு சம்பவத்தை மட்டும் கேளுங்கள். திகதி, இடம், கண்டவர், கூட இருந்தவர் எல்லாவற்றையும் எழுதுங்கள். கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்று எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ், இடம்பெயர்ந்தோர் அட்டை, பழைய கடிதம், படம் எது இருந்தாலும் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள். பிள்ளைகளையே எழுத விடுங்கள். தமிழில் முடியாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

நூறாவது போட்டி தொடங்கும் காலையிலும், ஏதோ ஒரு மலைச்சரிவில், மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் கையில் தாளும் பென்சிலுமாக நின்றுகொண்டிருப்பார். கொடியோடும் சத்தத்தோடும் வண்டிகள் அவரைக் கடந்து போகும். அவர் இலக்கத்தையும் நிமிடத்தையும் எழுதிக்கொள்வார். அவரை எவரும் படம் எடுப்பதில்லை. 2015 ஆம் ஆண்டின் வழக்கும் அப்படியொரு தாளில்தான் தொடங்கியது.